ஆனேக்கல் மாணவரும் இணையக் கடையும்: பணமும் பொழுதும் மிச்சமாகும் வழி

பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடியில், ஓசூருக்கு அண்மையில் அமைந்திருப்பது ஆனேக்கல் தாலுகா. அதன் தலைநகரான ஆனேக்கல், பெங்களூரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற இச்சிற்றூரைச் சுற்றி இன்று பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே ஆகிய தொழிற்பேட்டைகள் வளர்ந்துள்ளன. சந்தாபுரம் சாலையில் அலயன்ஸ் பல்கலைக்கழகமும், சர்ஜாபுரத்தை அடுத்து அஜீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் இயங்கி வருகின்றன. ஆகவே, முதுகலை வகுப்பிலும் ஆராய்ச்சியிலும் ஈடுபட்ட மாணவர் பலர் இத்தாலுகாவில் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கின்றனர்.

இம்மாணவருக்கு வேண்டிய பொருள்கள் சிற்றூர்க் கடைவீதியில் எளிதில் கிடைப்பனவல்ல. புள்ளியியல் நூல் ஒன்று வேண்டுமானால் பெங்களூரின் அவென்யூ ரோட்டுக்குப் போக வேண்டும். மின்னணுச் சுற்றுக்கான சிறு உறுப்பு ஒன்று வேண்டுமானால் எஸ்.பி. ரோட்டுக்குப் போக வேண்டும். முன்னெல்லாம் இதற்கு ஒரு முழுநாள் செலவாயிற்று. இன்றோ, கைப்பேசியில் விரலால் தொட்டால் பொருள் அறை வாயிலுக்கே வந்து சேர்கிறது.

ஆயினும் மாத இறுதியில் கணக்குப் பார்த்தால் பல மாணவர் கையில் பணமும் மிஞ்சுவதில்லை, பொழுதும் மிஞ்சுவதில்லை. கடைக்குப் போகும் நான்கு மணி நேரத்தை மிச்சப்படுத்திய சாதனமே வேறு வழியில் பத்து மணி நேரத்தை விழுங்கிவிடுவதுண்டு. இது எவ்வாறு நேர்கிறது? இதனைத் தடுப்பது எப்படி? எளிய கணக்குகளைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருள் வரும் வழி

காணாத கடையிலிருந்து பொருள் தருவிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. இந்தியத் தபால் இலாகா 1877-ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. என்று வழங்கும் முறையைத் தொடங்கிற்று. கடைக்காரர் பொருளைத் தபாலில் அனுப்புவார். தபால்காரர் அதனை ஒப்படைக்கும்போது விலையைப் பெற்று அனுப்பியவருக்குச் சேர்ப்பிப்பார். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நேரில் அறிமுகமில்லாத நிலையில், இருவரும் நம்பத்தக்க மூன்றாமவர் ஒருவர் இடையில் நிற்கிறார். தொலைவணிகத்தின் அடிப்படை இதுவே.

அடுத்த முன்னேற்றம் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண். ஆனேக்கலின் எண் 562106. முதல் இலக்கமான 5, கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகியவை அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். 56 என்பது கர்நாடகத்தையும், 562 என்பது தபால்களைத் தரம் பிரிக்கும் வட்டாரத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் நிலையத்தையும் காட்டும். ஊர்ப்பெயரை எம்மொழியில் எழுதினாலும், எவ்வளவு பிழையாக எழுதினாலும், ஆறு இலக்கங்கள் சரியாயிருந்தால் பொட்டலம் வழி தவறாது. இணையக் கடைகள் முதலில் கேட்பதும் இந்த எண்ணையே. பொருள் கிடைக்குமா, எந்நாளில் வரும், அனுப்புகூலி எவ்வளவு என்பனவெல்லாம் அதனைக் கொண்டே முடிவாகின்றன.

இந்திய இணைய வாணிகத்தின் வரலாற்றில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. 1999-இல் ஃபேப்மார்ட் என்னும் இணையக் கடை இந்நகரில் தொடங்கப்பெற்றது. அதனை நடத்தியவர்களே 2011-இல் பிக்பாஸ்கட் என்னும் மளிகைச் சேவையை நிறுவினர். 2007-இல் கோரமங்கலாவில் புத்தக விற்பனையுடன் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010-இல் பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறையைக் கொணர்ந்தது. பழைய வி.பி.பி.யின் புதிய வடிவமே இது எனலாம். 2016-இல் யு.பி.ஐ. முறை வந்தபின், கைப்பேசியிலிருந்து நேரே வங்கிக் கணக்கின் வழியாகப் பணம் செலுத்துவதும் எளிதாயிற்று. 2022 செப்டம்பரில், எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரிமையாகாத திறந்த வலையமைப்பான ஓ.என்.டி.சி. பொதுமக்களுக்கெனச் சோதனையாக முதலில் திறக்கப்பட்டதும் பெங்களூரிலேயே.

பொழுதுக்கு விலை உண்டா?

பணத்தை எண்ணி வைக்கிறோம், பொழுதை எண்ணுவதில்லை. மாணவர் கணக்கில் முதற்பிழை இதுவே. பொழுதையும் ரூபாயில் மதிப்பிட ஒரு தோராயமான வழி உண்டு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000 என உயர்த்தப்பட்டது. கேட் தேர்வின் வழியாக எம்.டெக். வகுப்பில் சேர்ந்து உதவித்தொகை பெறும் மாணவருக்கு மாதம் ரூ. 12,400 என்ற அளவு வகுக்கப்பட்டுள்ளது. மாதத்தில் 25 நாள், நாளொன்றுக்கு 8 மணி என்று கொண்டால், உழைக்கும் நேரம் 200 மணி. இதன்படி ஆராய்ச்சி மாணவரின் ஒரு மணி நேரம் ரூ. 185, எம்.டெக். மாணவரின் ஒரு மணி நேரம் ரூ. 62. உதவித்தொகை ஏதும் பெறாத மாணவரும் தமக்குத் தக்க ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளலாம். இது கூலிக் கணக்கன்று. இரு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோல் மட்டுமே.

இவ்வளவுகோலைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இதில் வரும் விலைகள் கணக்குக்காகக் கொண்டவை. எம்.டெக். மாணவி ஒருத்திக்கு ஒரு நூல் வேண்டும். இணையக் கடையில் அதன் விலை ரூ. 520, அனுப்புகூலி ரூ. 40, ஆக ரூ. 560. அவென்யூ ரோட்டில் அதே நூலின் பழைய படி ரூ. 450-க்குக் கிடைக்கிறது. ஆனேக்கலிலிருந்து சந்தாபுரம் வழியாகப் பொம்மசந்திராவுக்குப் பேருந்தில் சென்று, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தில் ஆர்.வி. ரோடு நிலையத்தை அடைந்து, அங்கே பச்சைத் தடத்துக்கு மாறிச் சிக்பேட்டையில் இறங்க வேண்டும். போக்குவரத்துச் செலவு ரூ. 150 என்றும், போய்வந்து புத்தகம் தேடும் பொழுது 5 மணி என்றும் கொள்வோம். நூலுக்கு மொத்தச் செலவு ரூ. 600. இணையக் கடையில் வாங்கினால் ரூ. 40 மிச்சம், 5 மணி நேரமும் மிச்சம். இங்கே ஐயத்துக்கு இடமில்லை.

அதே மாணவிக்கு ஐந்து நூல்கள் வேண்டுமெனில் கணக்கு மாறுகிறது. இணையக் கடையில் ஒரே பொட்டலமாக வந்தால் ரூ. 2,640. அவென்யூ ரோட்டில் போக்குவரத்துடன் ரூ. 2,400. நேரில் சென்றால் ரூ. 240 குறைகிறது. அதனை 5 மணியால் வகுத்தால் மணிக்கு ரூ. 48 கிடைக்கிறது. இது ரூ. 62-க்குக் குறைவு. ஆய்வு வேலை நெருக்கும் வாரமாயின் இணையத்தில் வாங்குவதே மேல். விடுமுறை நாளாயின், நூல்களைப் புரட்டிப் பார்த்து வாங்கும் பயனையும் சேர்த்து, நேரில் போவதே மேல். இணையம் எப்போதும் மலிவு என்பதும், கடைவீதி எப்போதும் மலிவு என்பதும் ஒருசேரத் தவறு. ஒவ்வொரு முறையும் கணக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எத்தனை கடை பார்க்கலாம்?

ஒரே பொருள் பல கடைகளில் பல விலைக்கு விற்கிறது. எனவே பல கடைகளைப் பார்த்து வாங்குவது அறிவுடைமை. ஆனால் எத்தனை கடைகளைப் பார்ப்பது? பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-இல் வெளியிட்ட ஆய்வுரையில் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். தேடுவதற்கும் செலவு உண்டு. அடுத்த கடையைப் பார்ப்பதால் கிட்டும் இலாபம் அதனைப் பார்க்க ஆகும் செலவுக்குக் கீழ் இறங்கும்போது தேடலை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் கண்ட முடிபு.

ஒரு பொருளின் விலை கடைக்குக் கடை ரூ. 400-க்கும் ரூ. 600-க்கும் இடையில் எங்கும் ஒரே வாய்ப்புடன் அமையலாம் என்று கொள்வோம். ஒரு கடையை மட்டும் பார்த்தால் நாம் எதிர்பார்க்கத்தக்க சராசரி விலை ரூ. 500. இரு கடைகளைப் பார்த்துக் குறைந்ததை எடுத்தால் ரூ. 467. மூன்று கடைகளாயின் ரூ. 450, நான்காயின் ரூ. 440, ஐந்தாயின் ரூ. 433. இரண்டாவது கடை ரூ. 33 ஈட்டித் தந்தது, மூன்றாவது ரூ. 17, நான்காவது ரூ. 10, ஐந்தாவது ரூ. 7 மட்டுமே. இலாபம் படிப்படியாகத் தேய்வதைக் காண்க.

ஒரு கடையில் விலை, தரம், விற்பவர் விவரம் ஆகியவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகிறதெனில், எம்.டெக். மாணவரின் அளவுகோலின்படி அதன் செலவு சுமார் ரூ. 10. ஆகவே அவர் நான்காவது கடையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆராய்ச்சி மாணவரின் பத்து நிமிடம் சுமார் ரூ. 31; அவர் இரண்டாவது கடையிலேயே நிறுத்திவிட வேண்டும். விலை உயர்ந்த பொருளுக்கு, குறிப்பாக மடிக்கணினி போன்றவற்றுக்கு, விலை வேறுபாடும் பெரிதாயிருக்குமாதலால் தேடலைச் சிறிது நீட்டுவது பொருந்தும். இருபது ரூபாய்ப் பேனாவுக்கு ஆறு கடைகளைத் துழாவுவதோ பொருந்தாது.

இதனினும் பெரிய கசிவு ஒன்று உண்டு. எதையும் வாங்கும் எண்ணமின்றி, நாளொன்றுக்கு 20 நிமிடம் இணையக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மாதத்தில் 10 மணி நேரத்தை இழக்கிறார். எம்.டெக். மாணவரின் மதிப்பில் அது ரூ. 620. தள்ளுபடியில் அவர் ஈட்டியதெல்லாம் இவ்வழியே ஒழுகிப் போகிறது. வேண்டிய பொருள்களை வாரம் முழுவதும் ஒரு தாளில் குறித்து வைத்து, வாரத்தில் ஒருநாள், குறித்த அரைமணி நேரத்தில் வாங்கி முடிப்பது இதற்கு நல்ல மருந்து.

அறை வந்து சேரும் விலை

திரையில் பெரிய எழுத்தில் காணும் விலையும் நாம் கொடுக்கும் விலையும் ஒன்றல்ல. அனுப்புகூலி, கையாளும் கட்டணம், தளக் கட்டணம் ஆகியவை இறுதிப் பக்கத்தில் வந்து சேர்கின்றன. ஒப்பிட வேண்டியது அறை வந்து சேரும் மொத்த விலையையே.

இலவசமாக அனுப்புகிறோம் என்ற அறிவிப்பைச் சற்று ஆராய்வோம். மாணவர் ஒருவருக்கு வேண்டிய பொருள்களின் விலை ரூ. 360, அனுப்புகூலி ரூ. 40. ரூ. 499-க்கு மேல் வாங்கினால் கூலி இல்லை என்று கடை கூறுகிறது. அவர் தேவையற்ற தின்பண்டம் ரூ. 150-க்குச் சேர்த்து ரூ. 510 செலுத்துகிறார். ரூ. 40-ஐ மிச்சம் பிடிக்க ரூ. 110 அதிகமாகச் செலவிட்டிருக்கிறார். விடுதியில் நான்கு மாணவர் தம் பட்டியல்களை ஒன்றாக்கி வாங்கியிருந்தால், ஒருவரும் தேவையற்றதை வாங்காமலே கூலி நீங்கியிருக்கும்.

சில நிமிடங்களில் பொருள் தரும் விரைவுக் கடைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. வாரத்தில் ஐந்து முறை சிறுசிறு பொருளாக வாங்கி, ஒவ்வொரு முறையும் ரூ. 30 கட்டணம் செலுத்தினால் ரூ. 150 ஆகிறது, ஒரே முறை வாங்கினால் ரூ. 30-உடன் முடிகிறது. இவ்விரைவுக்குப் பின்னால் வெயிலிலும் மழையிலும் வண்டியோட்டும் இளைஞரின் உழைப்பு இருக்கிறது என்பதும் நினைவில் நிற்கத்தக்கது. இத்தகைய பணியாளரின் நலனுக்காகக் கர்நாடக அரசாங்கம் 2025-இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றியுள்ளது.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று எண்ணுவதும் தவறு. 500 கிராம் ரூ. 66 என்றால் கிலோவுக்கு ரூ. 132. அதே பொருளின் ஒரு கிலோப் பொட்டலம் ரூ. 140 எனில், சிறு பொட்டலம் இரண்டை வாங்குவதே இலாபம். பொட்டலப் பொருள்களின்மீது அலகு விலையை அச்சிட வேண்டும் என விதி இருப்பது இவ்வொப்பீட்டுக்காகவே.

வட்டியில்லாத் தவணை என்னும் சொல்லையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. வட்டியே இல்லாத கடன் என ஒன்று கிடையாது என்றும், வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. உடனே முழுத் தொகை செலுத்துவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுப்பதும் ஒருவகை வட்டியே. நடைமுறைக் கட்டணம் வேறு சேரக்கூடும். உதவித்தொகை தாமதமாக வரும் மாதத்தில் தவணை மட்டும் தாமதிக்காமல் வந்து நிற்கும் என்பதை மாணவர் மறத்தலாகாது.

மறைந்திருக்கும் தூண்டில்கள்

வாங்குபவர் மனத்தைத் திசைதிருப்புமாறு திரைப் பக்கங்களை அமைக்கும் முறைகள் பலவுண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இத்தகைய 13 முறைகள் வகைப்படுத்தப்பட்டு விலக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மாணவர் அடிக்கடி எதிர்ப்படுவன சில.

போலி அவசரம்: உண்மையில் கையிருப்பு நிறைய இருக்கையில், இன்னும் இரண்டே மிச்சம் என்று காட்டுவது. கூடையில் நுழைத்தல்: நாம் கேளாத காப்பீட்டையோ நன்கொடையையோ விலைப்பட்டியில் சேர்ப்பது. சொட்டுச் சொட்டான விலை: கட்டணங்களை முதலில் மறைத்து வைத்து, இறுதியில் ஒவ்வொன்றாக வெளியிடுவது. சந்தாப் பொறி: சேர்வது எளிதாகவும் விலகுவது கடினமாகவும் அமைப்பது. வேடமிட்ட விளம்பரம்: விளம்பரத்தையே பயனாளர் கருத்துப்போலக் காட்டுவது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான மாற்று ஒன்று உண்டு. கூடையில் இட்ட பொருளை ஓரிரவு அங்கேயே விட்டுவைக்க வேண்டும். உண்மையான தேவை மறுநாளும் இருக்கும். தூண்டப்பட்ட ஆசை பெரும்பாலும் விடிவதற்குள் அடங்கிவிடும்.

பிறர் எழுதிய மதிப்புரைகளைப் படிக்கும்போதும் நிதானம் வேண்டும். போலி மதிப்புரைகளைக் கட்டுப்படுத்துவதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்னும் தரத்தை வெளியிட்டது. நட்சத்திரங்களின் எண்ணிக்கையைவிட, குறை கூறியவர் எக்குறையைக் கூறினார் என்று பார்ப்பது பயன் தரும். பலரும் ஒரே குறையைத் தனித்தனியே சொல்லியிருந்தால் அது பொருளின் குறையாகவே இருக்கக்கூடும்.

வாங்காமலே பெறத்தக்கவை

மிகச் சிறந்த சிக்கனம் வாங்காமலிருத்தல். ஆராய்ச்சி மாணவர் விலை கொடுத்துப் பெறும் நூல்களும் கட்டுரைகளும் பல, விலையின்றியே கிடைக்கின்றன. மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ஆம் நாள் ஒப்புதல் அளித்த 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசாங்க உயர்கல்வி நிறுவனங்களையும் மத்திய அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களையும் சேர்ந்த சுமார் 1.8 கோடி பேருக்கு எட்டுமாறு இது வகுக்கப்பட்டுள்ளது. தனியார் பல்கலைக்கழக மாணவர் தத்தம் நூலகச் சந்தாக்களையும், காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நிலையம் நடத்தும் ஷோத்கங்கா ஆய்வேட்டுத் தொகுப்பையும், கரக்பூர் ஐ.ஐ.டி.யின் பொறுப்பிலுள்ள தேசிய மின்னூலகத்தையும் நாடலாம். எனவே ஒரு நூலை விலைக்குத் தேடுமுன் நூலகரைக் கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

படித்து முடித்த மாணவரிடமிருந்து பழைய நூல்களைப் பெறுவதும் நல்ல வழி. இதற்கு உதவியாகத் தபால் இலாகா 2025 மே முதல் நாள் 'ஞான் போஸ்ட்' என்னும் சேவையைத் தொடங்கிற்று. கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களை 300 கிராம் வரை ரூ. 20-க்கும், 5 கிலோ வரை ரூ. 100-க்கும் அனுப்பலாம் என அப்போது கட்டணம் அறிவிக்கப்பட்டது, வரி தனி. சென்னையில் படிப்பை முடித்த ஒருவர் தம் ஐந்து கிலோ நூல்களை ஆனேக்கலிலுள்ள இளையவருக்கு இவ்வழியே அனுப்பினால், பத்து நூல்கள் கொண்ட பொட்டலத்தில் ஒரு நூலுக்கு ஆகும் கூலி பத்து ரூபாயே.

பொருள் பழுதாயின்

இணைய வாணிகத்தில் மாணவர் பெரிதும் அஞ்சுவது, பழுதான பொருள் வந்தால் என் செய்வது என்பதையே. ஆய்வுக்கான உறுப்பு ஒன்று தவறாக வந்து, மாற்றித் தரப்படாமல் மூன்று வாரம் கழிந்தால், பணத்தோடு ஆய்வுக்காலமும் வீணாகிறது. இங்கே சட்டம் துணை நிற்கிறது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் மின்வணிக விதிகளும் வெளியாயின. அவ்விதிகளின்படி, இணைய வணிக நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும். முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விற்பவரின் பெயரும் முகவரியும், பொருள் செய்யப்பட்ட நாடும், திருப்பித் தரும் நிபந்தனைகளும் வாங்குமுன்பே தெரியுமாறு இருக்க வேண்டும். வாங்குபவரின் இசைவை, முன்கூட்டியே குறியிட்ட கட்டத்தின் மூலம் பெறுதல் கூடாது.

இவ்வழியில் தீர்வு கிட்டாவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன்பின்னரும் வழி பிறவாதாயின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்கிடச் சட்டம் இடந்தருகிறது. விற்பவர் தில்லியில் இருந்தாலும் ஆனேக்கல் மாணவர் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த விலை ரூ. 5 இலட்சத்துக்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும்.

ஆனால் சட்டம் சான்று கேட்கும். ஆகவே விலைப்பட்டியைப் பத்திரப்படுத்த வேண்டும். விலை உயர்ந்த பொருளாயின் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்து வைப்பது நன்று. திருப்பித் தரும் கெடுவைத் தாளில் குறித்து, அதற்குமுன் பொருளை ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காமலே பதினைந்து நாள் வைத்திருந்து, பின்னர் குறை கண்டு வருந்துவோர் பலர்.

மோசடிக்காரர் குறித்தும் ஒரு சொல். யு.பி.ஐ. முறையில் இரகசிய எண்ணை இடுவது பணம் கொடுப்பதற்காகவே. பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், எண்ணை இடுங்கள் என்று எவரேனும் தொலைபேசியில் கூறினால் அது வஞ்சனை என்று தெளிக. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்த உடனேயே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போகுமுன் அதனைத் தடுத்து நிறுத்துவதற்கு ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

வகுப்பறையிலும் வெளியிலும்

இக்கணக்குகள் பட்டதாரி மாணவருக்கு மட்டும் உரியவையல்ல. ஆசிரியர்கள் இவற்றை வகுப்பறைப் பயிற்சியாக அமைக்கலாம். ஒரே பொருளின் விலையை உள்ளூர்க் கடையிலும் மூன்று இணையக் கடைகளிலும் மாணவர் திரட்டட்டும். அனுப்புகூலியைச் சேர்த்து மொத்த விலையையும், எடையால் வகுத்து அலகு விலையையும், தேடச் செலவான நிமிடங்களையும் நான்கு கட்டங்களில் எழுதட்டும். பின்னர், எந்தக் கடையோடு தேடலை நிறுத்தியிருக்கலாம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லட்டும். சராசரி, நிகழ்தகவு, இறுதிநிலைப் பயன் ஆகிய கருத்துகளை இதனைவிடத் தெளிவாக விளக்குவது அரிது.

களப்பணியாளர்களுக்கும் இது பயன்படும். கைத்தெளிப்பான் வாங்க எண்ணும் விவசாயிக்கு, திரையில் தோன்றும் விலையோடு பழுதுபார்க்கும் வசதியையும் சேர்த்துப் பார்க்கக் கற்பிக்கலாம். இணையத்தில் ரூ. 200 குறைவாக வாங்கிய கருவிக்கு உதிரி உறுப்பு உள்ளூரில் கிடைக்காவிட்டால், தெளிக்க வேண்டிய பருவம் கடந்துவிடும். உள்ளூர்க் கடைக்காரர் தரும் அறிவுரையும், அவசரத்துக்குத் தரும் கடனும், கெட்ட பொருளைக் கையோடு மாற்றித் தரும் வசதியும் விலையுள்ளவை. அவற்றையும் கணக்கின் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்.

1915, 1930 ஆகிய இரு எண்களையும் பள்ளி, விடுதி, ஊராட்சி அலுவலகச் சுவர்களில் எழுதி வைப்பது செலவில்லாத சேவை. வாரப் பட்டியல், நான்கு கடைக்கு மேற்படாத தேடல், அறை வந்து சேரும் விலை, ஓரிரவுப் பொறுமை, பத்திரப்படுத்திய விலைப்பட்டி ஆகிய ஐந்தையும் கைக்கொள்ளும் மாணவருக்கு இணையக் கடை நல்ல ஏவலாளாக இருக்கும். ஆனேக்கலிலிருந்து அவென்யூ ரோட்டுக்குப் போய்வரும் ஐந்து மணி நேரம் இவ்வாறு அவர் கையில் மிஞ்சுமாயின், அதனை மீண்டும் திரைக்கே கொடுத்துவிடாமல், எந்த நூலுக்காக அந்நேரத்தை மிச்சம் பிடித்தாரோ அந்த நூலைப் படிப்பதில் செலவிடுவாராக.